உழவெருதின் பூட்டுக் கருவிகள்

குதிரைக்குக் கடிவாளம் எவ்வாறோ, எருதுக்கு மூக்கணாங்கயிறு அவ்வாறே. ஆயினும் குதிரை மார்பினாலும் தோளினாலும் இழுக்கின்றது. எருதோ நுகத்தடியைத் தாங்கிய கழுத்தினால் இழுக்கின்றது. ஆகையால் எருதின் பூட்டில் உள்ள குறை எதுவாயினும் மூக்கிலோ கழுத்திலோ புண்ணாக வெளிப்படும். மழை பெய்து நிலம் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் ஒரு மாடு கழுத்துப் புண்ணால் நின்றுவிடின் அதன் ஜோடியும் நிற்கும், ஏரும் நிற்கும், விதைப்பும் பிந்தும். டிராக்டர் பெருகியுள்ள இக்காலத்திலும் எருது பூட்டி உழுவோரும் வண்டியோட்டுவோரும் உளர். அவர்கள் பொருட்டுப் பூட்டின் உறுப்புகளும் அவற்றின் தொழிலும் கீழே விவரிக்கப்படுகின்றன.

1. மூக்கணாங்கயிறு

இரு நாசித் துவாரங்களுக்கும் நடுவேயுள்ள சுவரை விரலால் தடவிப் பார்த்தால், உட்புறம் கெட்டியான குருத்தெலும்பும், அதற்கு முன்னே மெல்லிய பாகமும் தென்படும். இம்மெல்லிய பாகத்திலேயே துளையிடுதல் வேண்டும். குருத்தெலும்பில் துளைத்தால் புண் எளிதில் ஆறாது. விளிம்பை ஒட்டித் துளைத்தாலோ, கயிறு நாளடைவில் சதையை அறுத்துக்கொண்டு வெளிவந்துவிடும். துளையினூடே சென்ற கயிற்றின் இரு தலைப்புகளும் முகத்தின் இருபுறமும் மேலேறிக் கொம்புகளின் பின்னே முடியப்படும். முடி இறுக்கமாயிருந்தால் மூக்கு ஓயாது இழுபட்டு நோகும். கயிறு வழவழப்பான நூலால் ஆனதாகவும், மூக்கினுள் முடிச்சு இல்லாததாகவும் இருத்தல் அவசியம். சளியும் சேறும் உலர்ந்து விறைத்துப்போன கயிற்றை உடனே மாற்றிவிட வேண்டும்.

2. நுகத்தடி

இது திமிலுக்கு முன்னே கழுத்தின்மேல் அமர்வது. ஓர் எருது தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையுடன் நெடுநேரம் இழுக்க வல்லது. 400 கிலோ எடையுள்ள இரண்டு எருதுகள் சேர்ந்து இழுக்கும் விசை 80 கிலோவாகும். இவ்விசை முழுவதும் நுகம் படும் சிறு இடத்தின் வழியாகவே செல்கின்றது. அவ்விடம் குறுகியதாயிருந்தால் அழுத்தம் மிகும். தோல் கன்றித் தடிக்கும். ஆதலால் நுகம் இலேசானதாகவும், கழுத்தில் படும் பாகம் அகன்று உருண்டு, சிராய் இன்றி இழைக்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும்.

3. பகலாணி

நுகத்தின் நடுவாணிக்குப் பகலாணி என்று பெயர். பகல் என்பதற்கு நடு என்பது பொருள். வணிகரின் நடுவுநிலைமைக்குப் பட்டினப்பாலை இவ்வாணியையே உவமை கூறுகின்றது. ஏர்க்கால் இங்கே பிணைக்கப்படுவதால் இரு மாடுகளுக்கும் பாரம் சமமாகப் பங்கிடப்படுகின்றது.

ஒரு மாடு இளையதாகவோ மெலிந்ததாகவோ இருப்பின், சமப்பங்கு அதற்கு அநீதியாகும். இரு கழுத்துகளுக்கும் இடையே 48 அங்குலம் இருப்பதாகக் கொள்வோம். பிணைப்பை நடுவிலிருந்து வலிய மாட்டின் பக்கம் 3 அங்குலம் தள்ளினால், வலியதற்கு 21 அங்குலமும் மெலிந்ததற்கு 27 அங்குலமும் அமையும். அப்போது 80 கிலோ விசையில் வலிய மாடு 45 கிலோவும், மெலிந்த மாடு 35 கிலோவும் ஏற்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை; நுகத்தில் மற்றொரு துளை போதும்.

4. முளையும் பூட்டாங்கயிறும்

கழுத்து விலகாதபடி நுகத்தில் நிற்கும் குச்சி முளை. கழுத்தின் கீழாக வந்து மாட்டை நுகத்தோடு சேர்ப்பது பூட்டாங்கயிறு. இழுப்பது இக்கயிற்றின் வேலையன்று. நுகம் நழுவாமல் காப்பதே இதன் வேலை. ஆகவே தொண்டைக்கும் கயிற்றுக்கும் இடையே நான்கு விரல் தாராளமாக நுழைய இடம் விடுதல் வேண்டும். மெல்லிய கயிற்றினும் பட்டையான வார் நல்லது. வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அமுக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். பாரம் ஏற்றுவோர் இதனை மறத்தலாகாது.

5. கழுத்துப் புண்

சேற்றுழவில் நனைந்த கழுத்தும் நனைந்த கயிறும் உராய்ந்து புண் விரைவில் தோன்றும். வேலை முடிந்ததும் கழுத்தைக் கழுவித் துடைத்துக் கையால் தடவிப் பார்க்கவும். சூடோ வீக்கமோ தென்பட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இட்டு, மாட்டுக்கு ஓய்வு தருக. புண் விழுந்திருந்தால் சுத்தமான நீரால் கழுவி, ஈ மொய்க்காதபடி சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவிக் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். ஆறும்வரை நுகம் வைத்தலாகாது. புண்ணுக்கு மருந்திட்டு, அதே கரடான நுகத்தைப் பூட்டுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

6. சட்டம்

1965ஆம் ஆண்டின் இந்திய விதிகள், முள்ளும் புடைப்பும் உள்ள நுகத்தையும், கூர்முனைத் தார்க்குச்சியையும் விலக்கியுள்ளன. பாரம் இழுக்கும் கால்நடைகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையே ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓட்டலும் ஆகாது.

விடியற்காலையில் ஏர் பூட்டுமுன் மூக்கு, கழுத்து, தொண்டை, நுகம், கயிறு ஆகிய ஐந்தையும் தொட்டுப் பார்ப்பதற்குச் சிறிது நேரமே பிடிக்கும். அந்நேரத்தைச் செலவிட அஞ்சுவோர், பருவத்தில் பல நாள் உழவை இழக்க நேரிடும்.