இருளில் ஒளிரும் கண்ணாடிப் பீங்கான்

மின்சாரம் தடைப்பட்டுப் புகை சூழ்ந்த மாடிக்கட்டடத்தில், வெளியேறும் வழியைக் காட்டும் பலகை ஒளிருமாயின் பல உயிர்கள் பிழைக்கும். மின்கலமோ கம்பியோ இன்றி இப்பணியை ஆற்றவல்லவை, தாம் பெற்ற ஒளியைச் சேமித்து இருளில் மெல்ல வெளியிடும் பொருள்களாகும்.

முற்காலத்தில் கடிகார முகப்புகளில் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. கதிரியக்கத்தின் தீங்கு உணரப்பட்டதால் அது கைவிடப்பட்டது. தாமிரம் சேர்ந்த துத்தநாக சல்பைடின் ஒளியோ விரைவில் மங்கிவிடும். 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பல மணி நேரம் பச்சை ஒளி தருவதை விளக்கினர். யூரோப்பியம் ஒளியை உமிழ்கிறது. ஆற்றலைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடுவிக்க டிஸ்புரோசியம் துணைபுரிகிறது. எனினும் இப்பொருளின் தூள், நீர் பட்டால் சிதைந்துவிடும்.

படிகமாக்கும் முறை

ஒளிரும் படிகங்களைக் கண்ணாடிக்குள்ளேயே வளர்ப்பது இக்குறைக்கு ஒரு தீர்வாகும். மூலப்பொருள்களுடன் போரான் ஆக்சைடு அல்லது சிலிக்கா சேர்த்து உருக்கி, விரைந்து குளிர்வித்தால் கண்ணாடி கிடைக்கிறது. பின்னர் அதனை மீண்டும் சூடாக்க வேண்டும். முதற்கட்டத்தில் படிகக் கருக்கள் தோன்றுகின்றன. மேலும் உயர்ந்த வெப்பநிலையில் அவை வளர்கின்றன. படிகங்கள் ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறியனவாயின் பொருள் தெளிவாக இருக்கும்; பெரிதானால் பீங்கான்போல் வெண்மையாகும். யூரோப்பியத்தை ஈரிணைதிற நிலையில் வைக்க, ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் சூழலில் சூடாக்குவர்.

இம்முறை தற்செயலாகப் பிறந்ததே. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில், ஸ்டூக்கியின் உலை அளவுக்கு மீறிச் சூடேறியது. கண்ணாடித் தகடு உருகவில்லை. வெண்மையாகி, கீழே விழுந்தும் உடையாதிருந்தது.

பெங்களூரின் வலிமை

1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. ராமன் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். பிற்காலத்தில் அங்கேயே கே. ஜே. ராவ் கண்ணாடிகளின் அமைப்பையும், கே. பி. ஆர். வர்மா குழுவினர் கண்ணாடிக்குள் நுண்படிகங்களை வளர்ப்பதையும் ஆராய்ந்தனர். அவர்களது நோக்கம் மின்னியல், ஒளியியல் பண்புகளாயினும், வெப்பத்தால் படிகத்தின் அளவை ஆளும் அறிவு இரண்டிற்கும் பொதுவானது.

பொருளாதார நோக்கு

இந்தியக் கடற்கரை மோனசைட் மணலில் லாந்தனம், சீரியம் முதலியன மிகுதி. யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் மிகக் குறைவு. ஆகவே அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் திறனும், பயன்படுத்திய பொருள்களிலிருந்து அவற்றை மீட்கும் ஏற்பாடும் வளராமல், ஆய்வகத்தின் வெற்றி மட்டும் தொழிலாகிவிடாது. ஆய்வுக்கூடம், சுரங்கத் துறை, பீங்கான் ஆலை ஆகிய மூன்றும் இணைந்து திட்டமிடும்போதே, இருளில் வழிகாட்டும் அப்பலகை குறைந்த விலையில் பொதுக்கட்டடங்களைச் சென்றடையும்.