வந்த ஊரின் வெயிலைப் படித்தவர்

‘த புரூட்டலிஸ்ட்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் 2024இல் வெளிவந்தது. இயக்கியவர் பிராடி கோர்பே. மூன்றரை மணி நேரம் ஓடும் இப்படத்தில், நாசிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய லாஸ்லோ தோத் என்னும் ஹங்கேரிய யூதக் கட்டடக் கலைஞர் 1947இல் அமெரிக்காவில் வந்திறங்குகிறார். செல்வந்தர் ஒருவருக்காகப் பூச்சில்லாத கொங்கிரீட்டில் பெருங்கட்டடம் ஒன்றை எழுப்புகிறார். முகாம் அறைகளின் அளவையே அதன் அறைகளுக்கும் வைத்திருந்தார் என்பது இறுதியில் தெரியவருகிறது. அவரது துயரமே சுவராகி நிற்கிறது.

தோத் கற்பனைப் பாத்திரம். ஆனால் அவரைப் போலவே நாடிழந்த ஒரு கட்டடக் கலைஞர் நமக்கு அருகில் உண்மையாகவே வாழ்ந்தார். அந்நிய மண்ணுக்கு வருபவர் அங்கே எதைக் கட்ட வேண்டும் என்ற வினாவுக்கு அவரது வாழ்வில் விடை இருப்பதாக நான் கருதுகிறேன்.

அவர் பெயர் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கர். 1908இல் பேர்லினில் பிறந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதால் அரச பணியை இழந்தார். எகிப்தில் சில காலம் இருந்துவிட்டு, 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அப்போது அங்கே திவானாக இருந்தவர் சேர் மிர்ஸா இஸ்மாயில். பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கோனிக்ஸ்பேர்கர் வடிவமைத்த கட்டடங்கள் உள்ளன.

குளிர்நாட்டில் கற்றவர் வெயிலை உள்ளே அழைக்கவே பழகியிருப்பார். இங்கேயோ வெயிலைத் தடுத்துக் காற்றை அழைக்க வேண்டும். நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுவதால் நீண்ட தாழ்வாரம் அதை மறிக்கும். காலை மாலை வெயில் தாழ்ந்து வருவதால் கிழக்கு, மேற்குச் சுவர்களே அதிகம் சுடும். எனவே வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்க வேண்டும்; எதிரெதிர் ஜன்னல்கள் வேண்டும். இத்தகைய அறிவை அவர் ஒரு பாடநெறியாகவே வளர்த்தார். 1950களில் இலண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறையை வழிநடத்தி, பிற்காலத்தில் பிறருடன் சேர்ந்து ஒரு கைநூலும் எழுதினார்.

அவரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர்களுள் ஒருவர் நம் நாட்டுப் பெண். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்ணானார். கண்டி, வட்டாப்புளுவ வீடமைப்புத் திட்டத்தின்போது, குடியேறப் போகிறவர்களிடமே அவர்களது தேவைகளைக் கேட்டறிந்து வீடுகளை வரைந்தார்.

புளியந்தீவுக்கும் கட்டத் தெரிந்தவர்கள் கடல் கடந்து வந்தனர். 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அந்தத் தடித்த மதில் இவ்வூர் மக்களை அறிவதற்காக எழுந்ததன்று, ஆள்வதற்காக எழுந்தது. அதிகாரத்தோடு வந்தவர் மதில் கட்டினார். அகதியாக வந்தவர் வெயிலையும் காற்றையும் படித்தார்.

வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் நாம். ஆயினும் இன்று வாவிக்கரையில் எழும் புதிய வீடுகள் பலவற்றில் விறாந்தை இல்லை. மேற்குப் பக்கம் திறக்கவியலாத கண்ணாடி. பகல் முழுவதும் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் பெண்களே. வீடு கொதித்தால் முதலில் வேகுவது உம்மாவும் வாப்பும்மாவும் பாடம் படிக்கும் பிள்ளையும்தான். ஆனால் வரைபடம் மேசையில் விரிக்கப்படும்போது அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. மறைப்பு வேண்டுமென்று ஜன்னலை அடைக்கிறோம். சிறு துளைகள் விட்டுக் கட்டிய சுவர் மறைப்பையும் தரும், காற்றையும் தரும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்கலாம். நம் மாணவியர் சிலரேனும் அத்துறையை நாட வேண்டும். அதுவரை, அடுத்த வீட்டுக்கு வரைபடம் போடும் நாளில், “உம்மா, குசினிக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வரவேண்டும்?” என்று கேட்டுப் பார்ப்போம். அவருக்கு விடை தெரியும்.