மின்விசிறியின் இறக்கை மணிக்கு 648 கிலோமீட்டர் போகுமா?

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியலில் வட்ட இயக்கம் பற்றிய பகுதியை முடித்துவிட்டு ஓர் அலகுத் தேர்வு வைத்தேன். அதில் ஒரு கணக்கு: மின்விசிறி ஒன்று நிமிடத்துக்கு 300 சுற்றுகள் சுற்றுகிறது. மையத்திலிருந்து இறக்கையின் முனை 60 செ.மீ. தொலைவில் உள்ளது. முனையின் வேகம் என்ன?

விடைத்தாள்களில் மூன்று விதமான விடைகள் இருந்தன. சிலர் 18.84 மீ/வி என்று எழுதியிருந்தார்கள். அவர்களைவிட அதிகமானவர்கள் எழுதியது 180 மீ/வி. இரண்டு பேர் 1080 மீ/வி என்று எழுதியிருந்தார்கள். 180 எப்படி வந்தது என்பது பார்த்தவுடனே தெரியும். 300-ஐ அப்படியே 0.6-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். 1080 எழுதிய இருவர்மீது எனக்குக் கொஞ்சம் மதிப்பே வந்தது. அவர்கள் வினாடிக்கு 1800 பாகை என்று சரியாக மாற்றிவிட்டு, அதன் பிறகு 0.6-ஆல் பெருக்கியிருந்தார்கள்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மதிப்பெண் பற்றிப் பேசவில்லை. கரும்பலகையில் 180-ஐ 3.6-ஆல் பெருக்கிக் காட்டினேன். மணிக்கு 648 கி.மீ. வகுப்பு மொத்தமும் ஒருமுறை நிமிர்ந்து தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தது. 1080 மீ/வி என்றால் காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். "அப்படின்னா பிச்சுக்கிட்டுப் போயிருமே சார்" என்றாள் ஒரு மாணவி. சரியான விடை மணிக்குச் சுமார் 68 கி.மீ. நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம்தான்.

ஆனால் எனக்குக் கூடுதல் உறுத்தலைத் தந்தவர்கள் சரியாக எழுதியவர்கள். "300-ஐ ஏன் 0.1047-ஆல் பெருக்கினாய்?" என்று ஒருவனைக் கேட்டேன். "நீங்கதான் சார் சொன்னீங்க" என்றான். உண்மைதான். 2 பையை 60-ஆல் வகுத்தால் 0.1047, அதால் பெருக்கினால் ரேடியன்/வினாடி வந்துவிடும் என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த எண் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அது எதன் அளவு என்று கேட்டால் தெரியாது. அதனால்தான் தேர்வு அவசரத்தில் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டு, 2865 என்று வந்தாலும் கவலைப்படாமல் அடிக்கோடிட்டுவிட்டுப் போகிறார்கள்.

மறுநாள் வகுப்பறைக் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். வினாடி முள் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? ஒன்று. 1 சுற்று/நிமிடம் என்ற வேகத்தைப் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த முள் 60 வினாடியில் 360 பாகை நகர்கிறது. ஆகவே வினாடிக்கு 6 பாகை. விசிறி அந்த முள்ளைப்போல 300 மடங்கு வேகம். எனவே வினாடிக்கு 1800 பாகை. சூத்திரம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இந்த இடத்தை எளிதாகப் பயன்படுத்தலாம். நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை, மணி முள் நிமிடத்துக்கு அரைப் பாகை. மூன்றரை மணிக்கு இரண்டு முட்களுக்கும் இடையே எவ்வளவு கோணம் என்று கேளுங்கள். பெரும்பாலும் 90 என்று சொல்வார்கள். மணி முள்ளும் அரை மணி நேரத்தில் 15 பாகை நகர்ந்திருக்கிறது, ஆகவே 75 என்று கண்டுபிடிக்கும்போது, கோணத் திசைவேகம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதைக் கணக்கிட்டிருப்பார்கள். சமூக அறிவியல் ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, மணி முள்ளின் வேகத்தில் பாதி. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் திட்ட நேரத்துக்குரிய தீர்க்கரேகை 82.5 பாகை கிழக்கு. நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. இதே வேகத்தை ரேடியன்/வினாடியில் சொன்னால் 0.0000727. நேர மண்டலத்தை விளக்க அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. எந்த அலகு எங்கே வசதி என்பதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ரேடியன் எதற்கு? பாகையிலேயே வைத்துப் பெருக்கினால் ஏன் ஒலியைவிட வேகமான விசிறி வருகிறது? இதற்குச் சைக்கிள் கொட்டகைக்குப் போனோம். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் மிதிவண்டி பலரிடமும் இருக்கிறது. ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, அச்சின் மையத்திலிருந்து டயரின் வெளிவிளிம்பு வரை நூலால் அளந்து வெட்டினோம். அந்த நூலை டயரின் மேலேயே வளைத்து ஒட்டி, அது தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் சாக்பீஸால் குறித்தோம். மையத்திலிருந்து பார்த்தால் அந்த வில் தாங்கும் கோணம்தான் ஒரு ரேடியன், ஏறக்குறைய 57.3 பாகை. நூலை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் ஆறு முறை வைத்தபின் ஒரு சிறு இடைவெளி மிஞ்சும். ஆறே கால் நூலுக்குச் சற்று அதிகம்; அதுதான் 2 பை, 6.28.

இப்போது அவர்களுக்கே விளங்கிவிட்டது. சக்கரம் ஒரு ரேடியன் சுழன்றால் விளிம்பு ஓர் ஆரத்தின் நீளம் நகரும். ஆறு ரேடியன் சுழன்றால் ஆறு ஆர நீளம். ஆகவே ஆரத்தோடு பெருக்கினால் நேராகத் தொலைவு கிடைக்கிறது. பாகைக்கு இந்த உறவு கிடையாது; 360 என்பது வட்டத்தை நாம் பங்கிட்ட விதம். "மீட்டரை ரேடியன்/வினாடியால பெருக்கினா ரேடியன் எங்க சார் போச்சு?" என்று வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விக்கும் நூலே பதில். வில்லின் நீளத்தை ஆரத்தின் நீளத்தால் வகுத்து வந்த எண் அது. அதற்குப் பரிமாணம் இல்லை. 1080 எழுதிய இருவரும் தங்கள் விடையைத் தாங்களே 57.3-ஆல் வகுத்து 18.8-க்கு வந்து சேர்ந்தார்கள். அந்த 0.1047-உம் வேறொன்றுமில்லை, 6 பாகையை 57.3-ஆல் வகுத்தது. வினாடி முள்ளின் வேகத்தை ரேடியனில் சொன்னால் அதுதான்.

மாற்றும்போது மேலே உள்ள கோணத்தையும் கீழே உள்ள நேரத்தையும் ஒரே வரியில் மாற்ற வேண்டாம் என்று இப்போது கண்டிப்பாகச் சொல்கிறேன். முதலில் நேரம்: நிமிடத்துக்கு 300 சுற்று, வினாடிக்கு 5 சுற்று. இந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 60-ஆல் பெருக்கியவன் "வினாடிக்குப் பதினெட்டாயிரம் சுற்று" என்று சொல்லும்போதே நிறுத்திவிடுவான். பிறகு கோணம்: ஒரு சுற்றுக்கு 6.28, எனவே 31.4 ரேடியன்/வினாடி. கடைசியில் ஒரு சரிபார்ப்பு: ரேடியன்/வினாடி எண், நிமிடச் சுற்று எண்ணில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.

இத்தோடு பாடம் முடிந்திருக்கும். அடுத்த திங்கட்கிழமை, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரின் தம்பி ஒருவன், இரும்பு அறுக்கும் தேய்ந்த கட்டிங் வீல் ஒன்றைக் கொண்டுவந்தான். 100 மி.மீ. விட்டம். "இதுல 15,300 ஆர்.பி.எம்.னும் இருக்கு, 80 மீட்டர்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா சார்?" பலகைக்கு அவனையே அழைத்தேன். வினாடிக்கு 255 சுற்று, 1602 ரேடியன், 0.05 மீட்டரால் பெருக்கினால் 80.1 மீ/வி. இரண்டும் ஒன்றுதான். விளிம்பு அதற்கு மேல் வேகமாகப் போகக்கூடாது என்பது அதன் பொருள்.

அவன் உட்காரவில்லை. அண்ணன் சென்ற ஆண்டு நான்கு அங்குல கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குல வீலை வாஷர் வைத்துப் பொருத்தி ஓட்டியிருக்கிறார். வீல் வெடித்துப் புருவத்துக்கு மேல் ஒன்பது தையல். கண் தப்பியது. அந்தக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று. வகுப்பே கணக்கிட்டது: 1152 ரேடியன்/வினாடி, 180 மி.மீ. வீலின் ஆரம் 0.09 மீட்டர், விளிம்பின் வேகம் 104 மீ/வி. 80-ஐத் தாண்டிவிட்டது. திருப்பிக் கணக்கிட்டால் அந்த வீலுக்கு எல்லை நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்று. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இழுவிசை கூடுவதால், வீல் தாங்க வேண்டியதைப்போல 1.7 மடங்கு விசை அதன்மேல் வந்திருக்கிறது. "11,000 தான, சின்ன வீல்ல 15,300 வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கேன்னு அண்ணன் நெனச்சிருக்காரு சார்" என்றான். நிமிடச் சுற்றை மட்டும் பார்த்து ஆரத்தை விட்டுவிடும் தவறு அது. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போனான்.

அடுத்த தேர்வில் விசிறிக் கணக்கையே எண்களை மாற்றிக் கேட்டேன். மூன்று பேர் இன்னும் சுற்று எண்ணை நேராக ஆரத்தால் பெருக்கியிருக்கிறார்கள். மூவரும் சைக்கிள் கொட்டகைக்குப் போன அன்று பள்ளிக்கு வராதவர்கள். நூல் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவர்களை அழைத்துப் போகப் போகிறேன்.