மாடி அறைக்கு ஏறிய வைஃபை

திருச்சியில் எங்கள் வீடு கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், மொட்டை மாடியில் ஒற்றை அறை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் வாசலை ஒட்டிய டிவி ஷோகேஸுக்குள் ரௌட்டரை வைத்துவிட்டுப் போனார். அவருக்கு வயர் மிச்சம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஹாலில் முழுசாகக் கிடைத்தது. மாடி அறையில் மூன்று, நான்கு வந்தாலே பெரிது. மகள் அங்கேதான் படிப்பாள். ஆன்லைன் வகுப்பு நடுவில் நின்றுபோகும்போதெல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து படிக்கட்டில் உட்காருவாள். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நம் வீடுகளில் வைஃபைக்குப் பெரிய தடை தளம்தான். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் இரண்டு அடுக்கு, 9 அங்குலச் செங்கல் சுவர், போதாததற்கு வழியில் இரும்பு பீரோ. வேகம் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரௌட்டர்களின் நெரிசலும் அதில்தான் அதிகம்.

முதலில் நான் செய்தது தப்பு. ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாடி அறையிலேயே மாட்டினேன். போனில் கோடுகள் முழுசாகத் தெரிந்தன, வேகம் மட்டும் ஏறவில்லை. கீழிருந்து நலிந்து வரும் சிக்னலைத்தானே அதுவும் வாங்கித் தர முடியும்? எக்ஸ்டெண்டர் வைப்பதானால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் சாதாரண வகை என்றால் வேகம் பாதியாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து ரௌட்டரை ஷோகேஸிலிருந்து எடுத்து, படிக்கட்டுப் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். முதல் மாடி தேறிவிட்டது. சிக்னலை டிபிஎம் (dBm) கணக்கில் அளக்க இலவச ஆப்கள் உண்டு: -50 என்றால் அருமை, -67 வரை வீடியோ கால் தாங்கும், -80 என்றால் பெயருக்குத்தான். மாடி அறை இன்னமும் -79.

வழி காட்டியது எலெக்ட்ரீஷியன் அண்ணன். "பழைய கேபிள் டிவி பைப் மொட்டை மாடியிலருந்து ஹாலுக்கு வருதுல்ல சார், அது சும்மாதானே கெடக்கு?" என்றார். அந்த பைப்புக்குள் பயன்படாமல் கிடந்த கறுப்பு கேபிள் டிவி வயரின் மேல் நுனியில் கேட்-6 கேபிளை இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவினார். அவர் மேலிருந்து மெல்ல விட, நான் கீழிருந்து இழுத்தேன். வளைவில் ஒருமுறை சிக்கியது; கொஞ்சம் பின்னால் வாங்கி மறுபடி இழுத்ததும் நீல நிற கேபிள் ஹாலில் தலைகாட்டியது. கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். கேபிள் சுத்தத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள்; தாமிரம் பூசிய அலுமினியமும் அதே பெயரில் விற்கிறது.

கேபிளின் கீழ் முனை ஃபைபர் ரௌட்டரில்; மேல் முனையில் பரணில் கிடந்த பழைய ரௌட்டர். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் வசதி) அணைத்து, ஐபி முகவரியை மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகினேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளவையே. 2.4இல் கீழே சேனல் 1, மேலே 11.

இப்போது மாடி அறையில் -45, வேகம் 90க்கு மேல். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், தளம் போடுவதற்கு முன்பே மாடிக்கு மாடி ஒரு காலி பைப் விடச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள்.