ஒரே எஞ்சின், நான்கு வெப்பநிலைகள்

நன்னிலம் வட்டாரத்தில் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைப்போர், புகையின் நிறத்தைப் பார்த்தே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவர். கறுத்த புகையென்றால் டீசல் முழுதும் எரியவில்லை. நீலம் பாரித்தால் மசகெண்ணெய் எரிகிறது. சிறு விமானத்தை ஓட்டுபவருக்கு அந்த வசதியில்லை. எனவே ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகையின் வெப்பநிலையை ஒரு கருவி அளந்து அவர் கண்முன் காட்டுகிறது. நான்கில் ஒன்று மட்டும் ஐம்பது பாகை கூடுதலாகக் காட்டினால் என்ன செய்வது?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி, 1993-இல் முதன்முதல் பறந்த ‘ஹன்சா’ பயிற்சி விமானத்திற்கு எஞ்சின் ஒன்றே. பயிற்சி மாணவன் தனியே பறக்கையில் அது நின்றுவிட்டால் வேறு துணையில்லை. அதற்காகக் கருவியின் பொய்யை நம்பி நல்ல எஞ்சினைப் பிரிப்பதும் வீண் செலவே.

ஆகவே முதலில் ஐயுற வேண்டியது கருவியைத்தான். நாம் ஆய்வுக்கூடத்தில் கையாளும் வெப்ப மின்னிரட்டையே அங்கும் இருக்கிறது. குரோமல், அலுமல் என்னும் இரு உலோகக் கலவைக் கம்பிகளின் சந்திப்பு, பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்டு தருகிறது. ஐம்பது பாகை வேறுபாடு என்பது வெறும் 2 மில்லிவோல்ட்டுதான்! கம்பி போதாதென்று யாரேனும் செம்புக் கம்பியை ஒட்டவைத்தால், ஒட்டிய இடமே புதிய குளிர்முனையாகிவிடும். அது சூடான எஞ்சின் அறைக்குள் இருப்பதால், காட்டும் அளவு உண்மையைவிடக் குறையும். புகைக்குழாயில் ஒரு முனை சிலிண்டருக்கு அருகிலும் மற்றொன்று தள்ளியும் பொருத்தப்பட்டிருந்தாலும் அளவுகள் ஒத்துவாரா.

இதை அறிய எளிய வழி, இரண்டு உணர்முனைகளை மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பூட்டுவது. மிகையளவு முனையோடு சேர்ந்து போனால் முனை கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால், கருவியின் பின்புறம் கம்பிகளை மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் அதே காட்டியில் நின்றால் பழுது காட்டியில். கம்பியோடு நகர்ந்தால், கம்பியைச் சோதித்துவிட்டு எஞ்சினுக்குப் போகலாம்.

ஹன்சா-3-இன் ரோட்டாக்ஸ் 914 எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றும் இரு சிலிண்டர்களுக்கு. ஒரே பக்கத்து இரண்டும் சேர்ந்து விலகினால் கார்புரேட்டர்கள் இசைந்து இயங்கவில்லை எனலாம். ஒன்று மட்டும் விலகினால் காற்றுக் கசிவு, ஸ்பார்க் பிளக், வால்வு என்று தேட வேண்டும்.

இங்கே என்னை வியக்கவைத்தது பிளக்கின் கதை. சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள். ஒன்று எரியாவிட்டால் வெப்பம் குறையும் என்றுதான் தோன்றும். நடப்பதோ நேர்மாறு! ஒரே முனையிலிருந்து தீ பரவத் தாமதமாகி, எரிந்து முடியாத வாயு சூடாகவே வெளியேறுகிறது. எனவே தரையில் ஒரு பற்றவைப்புச் சுற்றை அணைத்தால் நான்கு அளவுகளும் ஏற வேண்டும். ஏறாமல் சட்டென்று குளிரும் சிலிண்டரில், மிஞ்சிய பிளக் செத்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று என்ற அளவை ஒட்டி வெப்பம் உச்சம் தொடும். பெட்ரோல் மிகுந்தாலும் குறைந்தாலும் இறங்கும். ஆதலால் குறைந்த அளவு காட்டும் சிலிண்டர் நலமானது என்று கொள்ளலாகாது.

2022-இல் புதிய ஹன்சாவைப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவந்து கடல்மட்டச் சோதனைகள் நடத்தினர். ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள பெங்களூரைவிடக் கடற்கரையில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடுதல். அம்மாற்றம் நான்கு சிலிண்டர்களையும் ஒருசேரவே பாதிக்கும். ஒன்றின் விலகலுக்குத் தட்பவெப்பத்தைக் காரணம் காட்ட இயலாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஓர் அளவு தாழ்ந்தே நின்றால், மூடியைக் கழற்றிப் புகைக்குழாயின் இணைப்புகளில் சாம்பல் நிறக் கோடுகள் உள்ளனவா என்று பார்க்கின்றனர். அவை கசிவின் தடம். அவ்வழியே வரும் கார்பன் மோனாக்சைடு விமானியின் அறைக்குள் புகுந்தால், அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.