அப்பா பெயர் எங்கே நிற்க வேண்டும்

குடியாத்தத்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் டிரைவிங் லைசென்ஸ் வேலையை ஊரிலேயே தொடங்கிவிட வேண்டும். நான் படித்த டெக்சாஸ் ஆர்லிங்டன் அவ்வளவு பெரிய ஊர். ஆனாலும் டவுன் பஸ் கிடையாது. அரிசி வாங்கக்கூட யாராவது காரில் ஏற்றிக்கொண்டால்தான் உண்டு.

தொடங்க வேண்டியது பெயரிலிருந்து. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படியே போனால் அமெரிக்க விசாவில் நம் பெயர் சர்நேம் இடத்துக்கு நகர்ந்துவிடும்; முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம்! பேரணாம்பட்டு டேனரியில் கணக்கெழுதும் என் அப்பா, "என் பேரு முன்னாலதானேப்பா நிக்கணும்?" என்று முறைத்துக்கொண்டார். சமாதானம் சொல்லி, அவர் பெயரையே சர்நேமாக ஏற்றினேன். பாஸ்போர்ட், கல்லூரி தரும் ஐ-20, நுழையும்போது பதிவாகும் ஐ-94 மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். லைசென்ஸ் அலுவலகம் 'சேவ்' என்ற மத்திய அரசுப் பதிவில் நம்மைத் தேடிப் பார்த்த பிறகுதான் கார்டு தரும். எழுத்து மாறினால் இழுத்துக்கொண்டே போகும்.

அடுத்த பயம் சோஷியல் செக்யூரிட்டி நம்பர். எஃப்-1 விசாவில் வரும் மாணவருக்கு அனுமதிக்கப்பட்ட வேலை கிடைத்தால்தான் அந்த நம்பர். அது இல்லாமலும் லைசென்ஸ் வாங்கலாம். டெக்சாஸில், 'எனக்கு அப்படி ஒரு நம்பர் வழங்கப்படவில்லை' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். வேறு பல மாநிலங்களில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலேயே விண்ணப்பித்து, 'உமக்குத் தகுதியில்லை' என்ற கடிதத்தை வாங்கிவரச் சொல்வார்கள். மறுப்புக் கடிதத்துக்கும் ஒரு மரியாதை! வந்திறங்கிப் பத்து நாளாவது கழித்து, கல்லூரி 'செவிஸ்' என்ற மாணவர் பதிவேட்டில் உங்கள் பதிவை முடித்த பிறகு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போங்கள்.

டெக்சாஸில் முகவரிக்கு இரண்டு ஆதாரம் வேண்டும். ஒன்றாவது முப்பது நாள் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். நாலு பேர் தங்கும் வீட்டில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் சீனியர் அண்ணன் பெயரில் இருக்கும். கூச்சப்படாமல் முதல் வாரமே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பேங்க் கணக்கும் அதே முகவரியில் இருக்கட்டும்.

எழுத்துத் தேர்வு 30 கேள்வி, 21 சரியானால் பாஸ். 25 வயதுக்குக் கீழே என்றால் ஆறு மணி நேர வகுப்பும் உண்டு. ஓட்டிக் காட்டுவதுதான் கஷ்டம். எட்டு போட்டு பைக் லைசென்ஸ் வாங்கிய நமக்கு, கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் காரை நுழைக்கும் பேரலல் பார்க்கிங் புதுசு. இண்டிகேட்டர் இடப்பக்கம், மாருதியில் பழகிய கை நேரே வைப்பருக்குப் போகும். காலி பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை பழகுங்கள்.

ஊர் லைசென்ஸ் இருந்தால் கிளம்புமுன் ஆர்.டி.ஓ.வில் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். ஆனால் டெக்சாஸில் குடியேறியவர் வெளியூர் லைசென்ஸில் 90 நாள்தான் ஓட்டலாம்.

கவுண்டரில் முதலில் தருவது காகிதம்தான். கார்டு தபாலில் வரும். ஆகவே விண்ணப்பத்தில் அபார்ட்மென்ட் நம்பரை விட்டுவிடாதீர்கள்.