தட்டு கெட்டதா, டிரைவ் பொருந்தவில்லையா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்.ஸி. (இயற்பியல்) மாணவர்

கணிப்பொறி ஒரு தட்டைப் படிக்க மறுத்தால், "தட்டு கெட்டுவிட்டது" என்று சொல்லி எறிந்துவிடுவது வழக்கம். ஆனால் பல நேரங்களில் தட்டும் நன்றாக இருக்கும், அதைச் சுழற்றும் டிரைவும் நன்றாக இருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தாமையே பழுதுபோலத் தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை ஒரு பழைய வீட்டுக் கணிப்பொறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

அது பி.பி.சி. மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்டது. 1984-85இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்விச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இக்கருவியே.

தடங்களின் கணக்கு

இதன் 5¼ அங்குல பிளாப்பி தட்டில் காந்தப் பூச்சு உண்டு. செய்திகள் வட்டமான தடங்களில் பதிகின்றன. ஒரு தடத்தில் 10 பகுதிகள்; ஒரு பகுதியில் 256 பைட்டுகள். எனவே 40 தடத் தட்டின் ஒரு பக்கம் 1,02,400 பைட்டுகளும், 80 தடத் தட்டின் ஒரு பக்கம் 2,04,800 பைட்டுகளும் கொள்ளும். தட்டின் அளவு ஒன்றே. முதல்வகையில் அங்குலத்திற்கு 48 தடங்கள், இரண்டாம் வகையில் 96 தடங்கள். அதாவது 80 தட டிரைவின் படிப்புமுனை வைக்கும் ஓரடி, 40 தட டிரைவின் அரையடியே.

இப்போது 40 தடத் தட்டை 80 தட டிரைவில் செருகினால் என்ன ஆகும்? கோப்புகளின் பட்டியல் 0ஆம் தடத்தில் உள்ளது. இருவகையிலும் அத்தடத்தின் இடம் ஒன்றே. ஆகவே '*கேட்' என்று கட்டளையிட்டால் பட்டியல் அழகாகத் திரையில் வரும். ஆனால் அடுத்த தடத்திற்குப் போகும்போது முனை பாதி வழியில் நின்றுவிடும். 'டிஸ்க் ஃபால்ட் 18' என்று செய்தி வரும். கேட்ட பகுதி கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். பட்டியல் தெரிகிறது, கோப்பு வரவில்லை என்றால் முதலில் ஐயுற வேண்டியது தடப் பொருத்தத்தையே.

இதற்காகவே சில டிரைவ்களில் 40/80 என்ற மாற்று விசை உண்டு. அதை 40இல் வைத்தால் முனை ஒவ்வொரு முறையும் ஈரடி நகரும், தட்டு படிக்கப்படும். 80 தடத் தட்டை 40 தட டிரைவில் முழுமையாகப் படிக்க இப்படியொரு வழி இல்லை.

படிக்கலாம், எழுதக் கூடாது

விசையை மாற்றிப் படிப்பது சரி. அதே தட்டில் எழுதுவது ஆபத்து. அகன்ற கலப்பை ஓட்டிய சாலின் நடுவில் குறுகிய கலப்பையை ஓட்டினால் இருபுறமும் பழைய மண் அப்படியே நிற்கும் அல்லவா? 80 தட முனை குறுகியது. அது எழுதிய புதிய செய்தியின் ஓரங்களில் பழைய செய்தி எஞ்சி நிற்கும். பின்னர் 40 தட டிரைவின் அகன்ற முனை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

தடம் பொருந்தினாலும் பதிவு முறை வேறுபடலாம். ஓசூரில் ஒரே அளவுத் தாளில் தமிழ் அறிவிப்பும் உண்டு, கன்னட அறிவிப்பும் உண்டு. தாள் கையில் அடங்குவதால் எழுத்து புரிந்துவிடாது. தொடக்க கால பி.பி.சி. மைக்ரோவின் இன்டெல் 8271 சில்லு ஒற்றை அடர்த்திப் பதிவை மட்டுமே அறியும். ஐ.பி.எம். கணிப்பொறியின் 360 கே.பி. தட்டு இரட்டை அடர்த்தி. பகுதிக்கு 512 பைட்டுகள். தட்டு எளிதில் உள்ளே நுழையும். ஒரு சொல்லும் வெளிவராது.

செய்ய வேண்டியவை

1. தட்டின் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூடி எழுத்துத் தடை செய்க. 3½ அங்குலத் தட்டாயின் சிறு கதவைத் திறந்து வைக்க.
2. அதே டிரைவில் எழுதிய வேறொரு தட்டைச் செருகிப் பார்க்க. அது படிக்கப்பட்டால் டிரைவ் நலமே.
3. தடம், பக்கம், அடர்த்தி ஆகிய மூன்றையும் வரிசையாக ஒப்பிடுக.
4. எல்லாம் பொருந்தியும் படிக்காவிட்டால் மட்டுமே முனையின் அழுக்கையும் தட்டின் பூஞ்சையையும் ஐயுறுக.
5. "வடிவமைக்கலாமா?" என்று கணிப்பொறி கேட்டால் "வேண்டாம்" என்க. அது பொருத்தத்தை உண்டாக்காது. உள்ளதை நம் கைக்கு எட்டாமல் செய்துவிடும்.

இது பழங்கதையன்று. ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளுக்கும் இதில் பாடம் உண்டு. 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட கணிப்பொறிக் கட்டுப்பாட்டு எந்திரங்களில் பல, 3½ அங்குலத் தட்டிலேயே நிரலை ஏற்பவை. 1.44 எம்.பி.யாக வடிவமைத்த தட்டை 720 கே.பி. டிரைவ் படிக்காது. இன்றைய பென் டிரைவும் இவ்விதிக்கு விலக்கன்று. துளையில் பொருந்துவது வேறு, கோப்பு முறை பொருந்துவது வேறு.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். முன்னோர் எழுதிவைத்த ஏடோ குறிப்போ எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே எழுதியது ஒன்று இருந்தும் படிக்க ஆளின்றிக் குப்பைக்குப் போவது எனக்குச் சிறிய இழப்பாகத் தோன்றவில்லை. துறை அலமாரிகளில் கிடக்கும் பழைய தட்டுகளை எறியுமுன், அவை எந்த டிரைவில் எழுதப்பட்டவை என்று ஒருமுறை கேட்போம்.